அரைச் சுற்று

மூன்றாவது ஆணி வந்துவிட்டது. இன்னும் எட்டு. வள்ளத்து ஒட்டுப்பலகையில் மொத்தம் பதினோரு ஆணி, எனக்குத் தெரியும், அடித்தவன் நான்தான். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் ஓர் அந்தியில், ஒவ்வொரு அடிக்கும் நடுவே கரையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே அடித்தேன். யாராவது கேட்டிருந்தால் நாற்பது ஆணி என்று சொல்லியிருப்பேன், நாற்பதும் ஒரே மூச்சில் இறங்கியது என்று சொல்லியிருப்பேன், ஆனால் மண்டைக்குள் பதினொன்றுதான், மண்டைக்குள் ஒன்றைக்கூடக் கூட்ட முடியவில்லை. பதினொன்றும் வந்துவிட்டால் பலகை கழன்று என் கையில் சாயும். சாய்ந்தால் அதற்குப் பின்னால் இருப்பதில் வெயில் படும். வெயில் பட்டால் ஆணி பிடுங்குகிற செபத்தியான் பார்ப்பான். பார்த்துவிடக் கூடாது, பார்த்தால்தான் என்ன, பார்க்கட்டும், இல்லை, பார்க்கக் கூடாது. "மச்சான், பிடி தளருது, நல்லா அண்டக் கொடும்" என்கிறான். அண்டக் கொடுக்கிறேன். எழுபத்தொரு வயதுக் கை, இரண்டு உள்ளங்கையையும் பலகையில் வைத்து அழுத்திக்கொண்டு நிற்கிறேன், பார்ப்பவர்களுக்குப் பலகை விழாமல் பிடித்திருக்கிற மாதிரி இருக்கும், உண்மையில் கழலாமல் பிடித்திருக்கிறேன். அவனுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. என் மனைவி அமலோற்பவத்தின் தம்பி. இருபத்தாறு வயதில் இந்தக் கரையின் எஞ்சின்காரர்களில் முதலாவது ஆள், நாற்பத்தைந்து வயதில் இந்தக் கரையின் ஓடாவிகளில் முதலாவது ஆள். படகு தச்சு வேலைக்கு வேம்பாரிலிருந்துகூட ஆள் வந்து கூட்டிப் போகிறார்கள், ஆனால் செய்து கொடுத்த வள்ளத்தில் ஏறி ஒரு சுற்று வா என்றால் முழங்கால் தண்ணீரிலிருந்தே கும்பிட்டுவிட்டுத் திரும்பி வந்துவிடுவான். கடைசியாகக் கடலில் இறங்கி அவனுக்குப் பத்தொன்பது வருஷம். நாலாவது ஆணி. அது கிறீச்சென்று வருகிறது, பல் பிடுங்குகிற மாதிரி இல்லை, பல் பிடுங்கும்போது கத்துவதற்காவது வாய் இருக்கும்.

போன வாரம்தான் கண்டுபிடித்தான். எஞ்சின் ஆடுது மாப்ளே என்று நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் சொன்னேன், வந்து பார்த்தான், ஒரு திருப்புளியை எடுத்துப் பின்பலகையின் கீழ்மூலையில் வைத்து அழுத்தினான், அல்வாவில் இறங்குகிற மாதிரி கைப்பிடி வரைக்கும் போயிற்று. வள்ளத்தின் பின்னாலே குறுக்கே நிற்கிற பலகை அது, எஞ்சினை அதன் மேல்விளிம்பில்தான் கவ்வ வைத்துத் திருக வேண்டும், எஞ்சினின் உதறல் மொத்தத்தையும் அந்த ஒரு பலகைதான் வாங்கிக்கொள்கிறது. "மச்சான், பின்பலகை பூரா செத்துப்போச்சு. மாத்தணும்." "இன்னொரு ஒட்டு போட்டுரு மாப்ளே, போதும்." "ஒட்டு மேல ஒட்டா, இது என்ன பழைய சட்டையா? உம்மளக் கடல்ல விட்டுட்டு நான் அக்காகிட்ட மேல போயி என்ன பதில் சொல்ல?" அக்கா போய் நாலு வருஷம். அந்தப் பேரை எடுத்த பிறகு நான் என்ன பேச. அயினிப் பலகையை அவனே வாங்கி, அவன் பட்டறையிலேயே வைத்து அளவாக அறுத்து, இழைத்து, இரண்டு கோட் எண்ணெய் கொடுத்து, இதோ, பூவரசு நிழலில் சாத்தி வைத்திருக்கிறான், புதுப் பலகை, மாப்பிள்ளை வீட்டுப் பெட்டி மாதிரி மினுமினுவென்று இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் வலையைப் பரப்பிக்கொண்டு தொபியாஸ் உட்கார்ந்திருக்கிறான், என் வயதுக்காரன், வலை பொத்துகிறதாகப் பேர், கண் முழுக்க இங்கேதான். அவனோடு இன்னும் மூன்று பேர். எல்லாரும் காலையிலிருந்து காத்துக்கிடக்கிறார்கள். "வே கஸ்பாரு, மூக்கு வெளிய வருமா இன்னைக்கி?" "வரும் வே, உன் மூக்கப் பத்திரமா வச்சுக்க, பொறாமையில அறுந்து விழுந்துரப் போகுது." சிரிக்கிறார்கள். என் வாய் இப்படித்தான், அதற்கென்று தனியாக ஒரு பிழைப்பு, உள்ளே ஒருவன் நடுங்கிக்கொண்டிருந்தாலும் வெளியே அது கடையைத் திறந்து வைத்துவிடும். ஐந்து. ஐந்தாவது எப்போது வந்தது, கவனிக்கவில்லை, அவன் கையில் ஐந்து இருக்கிறது.

மூக்கு. அந்த மூக்கைக் கண்டவன் யார், நானே கண்டதில்லை. மயில்மீன் மூக்கு. எட்டடி நீளத்தில் ஒரு மயில்மீன், முதலில் எட்டடி, நாளாக நாளாகப் பன்னிரண்டு, வெளியூர் ஆள் வந்தால் பதினைந்து. அது முதுகுத் தோகையை விரித்துக்கொண்டு செபத்தியான் ஓட்டிப்போன வள்ளத்தைத் துரத்திற்று, எஞ்சின் சத்தத்தைக் கேட்டு ஏதோ தன் இனத்துப் பெட்டை கூப்பிடுகிறது என்று நினைத்துவிட்டது பாவம், வந்த வேகத்தில் வாள் மூக்கால் பின்பலகையில் ஒரே குத்து, மூக்கு மாட்டிக்கொண்டது, இழுத்தது, உதறியது, கடைசியில் மூக்கை முறித்துப் பலகைக்குள் விட்டுவிட்டு, எஞ்சினை வாலில் அடித்துப் பறித்துக்கொண்டு போய்விட்டது. இன்றைக்கும் அமாவாசையன்று காதைத் தண்ணீரில் வைத்தால் அடியில் அந்த மீன் எஞ்சின் ஓட்டிக்கொண்டு போவது கேட்கும், டீசலுக்கு என்ன செய்கிறது என்றுதான் எனக்கே தெரியவில்லை. மூக்கு உள்ளேதான் இருக்கிறது, அதன்மேல் நானே ஒட்டுப்பலகை வைத்து அடித்துவிட்டேன், புண்ணில் கட்டுப் போடுகிற மாதிரி. இதுதான் கதை. கச்சான் காற்று அடித்த அடியில் திங்கட்கிழமை கடலில் பேசிய பேச்சு புதன்கிழமை கரைக்கு வந்து சேர்ந்தது என்பதும் என் கதைதான், நண்டு ஒன்று என் வெற்றிலைப் பெட்டியிலிருந்து சுண்ணாம்பு கேட்டு வாங்கியது என்பதும் என் கதைதான், ஆனால் இந்த மீன் கதையை மட்டும் ஊர் வேறு மாதிரி வைத்துக்கொண்டது. இதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, பிறகு குரலைத் தாழ்த்தி, "பாவம் கஸ்பாரு, மச்சினன் கிளாம்ப ஒழுங்காத் திருகாம எஞ்சின கடல்ல விட்டுட்டான், அவன் மானத்த மறைக்கதுக்குத்தான் மனுஷன் மீன் கத கட்டுதாரு" என்பார்கள். அந்த வருஷத்துச் சாமியார் பிரசங்கத்தில்கூடச் சொன்னார், பேர் சொல்லாமல், பிறர் குற்றத்தைச் சிரிப்பால் மூடுகிற மனசு என்று. நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். இல்லை, அஞ்சாவது வரிசை. செபத்தியான் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான், அவன் பிடரி சிவந்தது, வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டான். அந்தக் கை இன்னும் என் கையில் இருக்கிறது. அவன் நன்றியை நான் பத்தொன்பது வருஷமாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஆறு. "மச்சான் என்ன, பேயடிச்ச மாதிரி நிக்கீரு? தண்ணி குடிக்கீரா?" "பேய் என்னை அடிச்சா அதுக்குத்தான் மாப்ளே கை வலிக்கும்." சிரித்துக்கொண்டே ஏழாவதைத் தேடுகிறான், பெயிண்டுக்குள் முங்கிக் கிடக்கிறது, வருஷத்துக்கு ஒரு பூச்சு, பத்தொன்பது திருவிழா, பத்தொன்பது தோல். ஆணித்தலையைச் சுரண்டிச் சுரண்டி எடுக்கிறான், நீலம், அதற்குக் கீழே பச்சை, அதற்குக் கீழே மறுபடி நீலம், ஒவ்வொரு நிறமும் ஒரு வருஷம் சும்மா இருந்த நிறம். எங்கள் ஊரில் திருவிழாவுக்கு எல்லாப் படகையும் பெயிண்டடித்து வரிசையாக நிறுத்துவார்கள், சாமியார் வந்து தீர்த்தம் தெளித்து மந்திரிப்பார், மந்திரித்த படகில் நாற்பது நாள் உளி வைக்கக் கூடாது, ஆணி பிடுங்கக் கூடாது, அது பாட்டன் காலத்துக் கட்டுப்பாடு, மந்திரித்த மரத்தைக் காயப்படுத்தினால் கடல் கோபித்துக்கொள்ளும். அந்த வருஷம் திருவிழாவுக்கு நாலு நாள் இருக்கும்போது பழைய பெயிண்டைச் சுரண்டுகிறேன், பின்பலகை நடுவில், எஞ்சின் கவ்வுகிற இடத்துக்கு நேர் கீழே, விரல் உள்ளே போகிறது. ஒரு விரல், பிறகு இரண்டு, பிறகு கைப்பிடி அளவு மரம் ஈரச் சோறு மாதிரி வழிந்து வந்தது. நாலு நாளில் பலகை மாற்ற ஓடாவி எவன் வருவான், எல்லாரும் பெயிண்டும் கையுமாக நிற்கிறார்கள். மாற்றாவிட்டால் வரிசையில் என் வள்ளம் இல்லை, தொபியாஸின் வள்ளம் இருக்கும், என் வள்ளம் இருக்காது, அதை எப்படித் தாங்குவது, அந்த வருஷம் நான் எட்டு ஊர் கேட்கப் பெருமை அடித்து வைத்திருக்கிறேன். மரத்தூளையும் ஓட்டை அடைக்கிற பட்டியையும் குழைத்து அந்தக் குழியில் திணித்தேன், கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி வழவழவென்று ஆக்கினேன், காய்ந்ததும் மேலே நீலப் பெயிண்ட். கன்னத்தில் பவுடர் போட்ட மாதிரி இருந்தது. சாமியார் தீர்த்தம் தெளித்தபோது பின்னால் போய் நின்றுகொண்டு, இங்கே சாமி, இங்கேயும் கொஞ்சம் என்று கூடுதலாகவே வாங்கினேன். பட்டி பிடிக்காததைத் தீர்த்தம் பிடிக்கும் என்று நினைத்தேன். நாற்பது நாள் கழித்து மாற்றிவிடலாம், நாற்பது நாள்தானே, நாற்பது நாள் மெதுவாக ஓட்டினால் போதும், இதை நான் நம்பினேனா, நம்புகிற மாதிரி எனக்கே சொல்லிக்கொண்டேனா, என்னிடம் கதை கேட்டவர்களிலேயே ஏமாந்தவன் நான்தான்.

ஒன்பதாம் நாள். விடிந்தும் விடியாத நேரம். எனக்கு முதல் நாள் ராத்திரியிலிருந்து காய்ச்சல், காய்ச்சல் என்றால் கஞ்சி வடிக்கிற சூடு என்று சொல்வேன், அவ்வளவெல்லாம் இல்லை, சளி. சீலா மீன் ஓடுகிறது என்று கரை முழுக்கப் பேச்சு. "மச்சான், நீரு படும், நான் போயிட்டு வாரேன்" என்று எஞ்சினைத் தோளில் போட்டுக்கொண்டு போனான். நான் போர்வையோடு பின்னாலேயே போனேன், அவன் கேட்கக்கூட இல்லை ஏன் வருகிறேன் என்று. பின்பலகையில் எஞ்சினை வைத்தான், இரண்டு திருகையும் திருகினான், இடது, வலது, மறுபடி இடது, மறுபடி வலது, கடைசியில் உள்ளங்கையால் ஒவ்வொன்றிலும் ஒரு தட்டு. நான் பார்த்துக்கொண்டு நின்றேன். இதை நான் கூட்டவில்லை, குறைக்கவில்லை. அவனைப் போலத் திருக இந்தக் கரையில் ஆளில்லை. எஞ்சினைப் பாதுகாப்புக் கயிற்றால் வளையத்தில் கட்டினான், அந்த வளையமும் அதே பலகையில்தான் இருந்தது. மாப்ளே, பலகை சரியில்லை, மெதுவாப் போ. அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. அஞ்சு வார்த்தை. வாயைத் திறந்தேன், வாய் திறந்தது, நாக்கும் அசைந்தது, வந்தது என்ன? "மாப்ளே, திரும்பி வரும்போது கடலக் கொஞ்சம் மிச்சம் வச்சுட்டு வா." அவன் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தான், கயிற்றை இழுத்தான், எஞ்சின் பிடித்துக்கொண்டது, போய்விட்டான். ஏன் அந்த அஞ்சு வார்த்தை வரவில்லை. தொபியாஸ் பக்கத்தில் நின்றான், அதனாலா. மந்திரித்த வள்ளத்தைக் குறை சொன்னால் என்ன நினைப்பார்கள் என்றா. இல்லை, சொன்னால் அவன் என்னை ஒரு பார்வை பார்த்திருப்பான், பட்டி பூசி மந்திரிக்கக் கொண்டுவந்தீரா மச்சான் என்று, அந்தப் பார்வை. ஒரு பார்வைக்குப் பயந்து. மிச்சம் வச்சுட்டு வா. மிச்சம் வைத்துவிட்டுத்தான் வந்தான், கடலை அல்ல, எஞ்சினை. மறுநாள் அந்தியில் வந்தான். ஒன்பது மைல், இல்லை ஏழு, ஏழு மைல் உள்ளே எஞ்சின் ஒரு துள்ளுத் துள்ளி, பலகையின் மேல்பாதியைக் கடித்துக்கொண்டு, கயிறு வளையம் எல்லாவற்றோடும் கடலுக்குள் போய்விட்டது. கைலியை அவிழ்த்து வலைத்துண்டோடு சுருட்டி அந்த ஓட்டையில் அடைத்து, உட்காருகிற பலகையைப் பிடுங்கித் துடுப்பாக வைத்து, ஒன்றரை நாள் தள்ளித் தள்ளி வந்தான். உள்ளங்கை இரண்டும் தோலுரித்த கணவாய் மாதிரி இருந்தது. நான் தண்ணீருக்குள் ஓடினேன். அவன்தான் முதலில் பேசினான். "மச்சான், நான் சரியாத் திருகல போல." குற்றம் சொல்லவில்லை, அதை மட்டும் எண்ணிக்கொள்கிறேன் சில நாள், நான் அவனைக் குற்றம் சொல்லவே இல்லை. வாய் திறக்காமல் நின்றேன், என் வாழ்க்கையிலேயே அந்த ஒரு தடவைதான்.

எட்டு. ஒன்பது. வேகமாக வருகிறது. அவனை வீட்டுக்குத் தூக்கிப் போனார்கள், ஊரே அவன் பின்னால் போயிற்று, நான் மட்டும் வள்ளத்தோடு. கைலிச் சுருளை உருவினேன், உள்ளே பிய்ந்த விளிம்பு, பாதி மரம், பாதி என் பட்டி. உளியை எடுத்தேன். நாற்பது நாள் உளி வைக்கக் கூடாது என்றுதானே அந்தப் பலகையை மாற்றாமல் விட்டேன், பத்தாம் நாள் அந்தியில் உளி வைத்தேன், பிய்ந்ததைச் சதுரமாக வெட்டி, மேலே புதுத்துண்டு ஏற்றி, உள்ளும் வெளியும் ஒட்டுப்பலகை வைத்து மூடினேன். கீழே மிச்சமிருந்த உளுத்ததை எடுக்க நேரமில்லை, அப்படியே வைத்து மூடிவிட்டேன். கடல் கோபிக்கவில்லை. வீட்டுக்குப் போனதும் அமலோற்பவம் என் கையைப் பார்த்தாள், நகக்கண்ணில் நீலமும் பட்டியும். மண்ணெண்ணெயை ஊற்றித் துணியால் துடைத்துவிட்டாள், ஒவ்வொரு நகமாக. திருவிழாவுக்கு முன்னால் இதே நகத்தை இதே மாதிரி துடைத்தவள்தானே, அவளுக்குத் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் பெயிண்டடிக்கிற நாளில் மண்ணெண்ணெய்த் துணியோடு வருவாள், "தம்பிட்டச் சொல்லியாச்சா?" என்று ஒரே கேள்வி. நான் ஏதாவது அவிழ்த்துவிடுவேன், நண்டு, காற்று, ஏதாவது, சிரிப்பாள், சிரித்துக்கொண்டே கேள்வியை அடுத்த வருஷத்துக்கு எடுத்து வைத்துக்கொள்வாள். பதினைந்து வருஷம் கேட்டாள். இப்போது கேட்க ஆளில்லை, கேள்வி மட்டும் பெயிண்ட் நாளுக்கு வந்து நிற்கிறது. இதையெல்லாம்கூட நான் பொறுத்துக்கொள்வேன், கோழைத்தனம் என்று பேர் வைத்துப் படுத்துத் தூங்கிவிடுவேன். தூங்க விடாதது ஒரு தண்ணீர் டிரம்தான். எஞ்சின் போய் ஒரு மாசம் இருக்கும், கைப்புண் ஆறி, முற்றத்தில் டிரம் மூடியைத் திருகிக்கொண்டிருந்தவன் திடீரென்று நிறுத்தினான். "மச்சான், யோசிச்சு யோசிச்சுப் பாக்கேன், அன்னைக்கி நான் நல்லாத்தான் திருகுன மாதிரி இருக்கு." நல்லாத்தான் திருகினான். அவன் கை சரியாகச் சொல்லிற்று. நான் எழுந்து போய் அந்த மூடியில் கை வைத்தேன், கல் மாதிரி இறுகிக் கிடந்தது, முடி அளவுகூட அசையவில்லை, திருகுகிற மாதிரி முகத்தைச் சுளித்துவிட்டு, சிரித்துக்கொண்டே சொன்னேன்: "இன்னும் அரைச் சுத்து போச்சே மாப்ளே." விளையாட்டாகத்தான். விளையாட்டாக இல்லை. அவன் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான், அது யாருடைய கையோ என்கிற மாதிரி. அன்றைக்கு ஆரம்பித்தது. கதவுத் திருகாணி, சைக்கிள் அச்சு, கேஸ் சிலிண்டர், எதைத் திருகினாலும் பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட்டு, ஒருக்கா பாத்துரும் என்பான். வள்ளம் செய்தால் கடைசித் திருகாணியைச் சரிபார்க்க மட்டும் என்னைக் கூப்பிடுவான். நானும் போய், கை வைத்து, அரைச் சுத்து போச்சு மாப்ளே என்பேன், அது குடும்பத்தில் ஒரு வேடிக்கையாகிவிட்டது, பேரப் பிள்ளைகள்கூடச் சொல்கின்றன. எவ்வளவு நல்ல கை. அதைக் கடலில் தொலைத்தது நான், எஞ்சின் இல்லை.

"பத்து" என்று அவனே எண்ணுகிறான். "இன்னும் ஒண்ணு இருக்கும் மச்சான், எங்க அடிச்சீரு?" வலது கீழ்மூலை. தெரியும். சொல்லவில்லை. தேடிக் கண்டுபிடித்துவிட்டான். சொல்லிவிடு கஸ்பாரு, பலகை விழுவதற்கு முன்னால் சொல்லிவிட்டால் அது ஒப்புதல், விழுந்த பிறகு சொன்னால் பிடிபட்டது, இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு ஆணி. "மாப்ளே" என்கிறேன். "ம்?" "இந்த ஒண்ண இருக்க விடேன்." "எதுக்கு?" எதுக்கு. தொபியாஸ் வலையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வருகிறான், மற்றவர்களும். ஆணி வந்துவிட்டது. பலகை என் மார்பில் சாய்ந்தது, எதிர்பார்த்ததைவிட லேசாக இருந்தது, இத்தனை வருஷம் மலை மாதிரி நினைத்திருந்தேன். பின்னால் மரமே இல்லை. கருத்த தூள், ஈரமாக, பொலபொலவென்று என் காலில் கொட்டியது, நாலைந்து பூச்சிகள் வெயில் கண்டு ஓடின, ஒரு பழைய வாசனை. செபத்தியான் விரலை விட்டு நோண்டினான். "டக்" என்று ஒன்று கையில் சிக்கியது. எடுத்தான். எலுமிச்சம்பழ அளவுக் கட்டி, சாம்பல் நிறம், கல் மாதிரி. மரம் செத்துப்போயும் அது சாகவில்லை. அதன் ஒரு பக்கம் வழவழப்பு, அதில் ஒரு கட்டைவிரல் குழி, குழிக்குக் குறுக்கே ஒரு கோடு. என் வலது கட்டைவிரலில் தூண்டில் கிழித்த தழும்பு குறுக்கேதான் ஓடுகிறது. கையைக் கைலிக்குள் ஒளித்துக்கொண்டேன். "இதுதான் மயில்மீன் மூக்கா வே?" என்றான் தொபியாஸ், "சளி பிடிச்ச மூக்கு போல இருக்கே." ஒரே சிரிப்பு. செபத்தியானும் சிரித்தான். கட்டியை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டு என்னைப் பார்த்தான், பார்வையில் ஒன்றும் இல்லை, அதே நன்றி.

சொன்னேன். சிரிப்பு அடங்கி அவர்கள் பூவரசு நிழலுக்குத் திரும்பிய பிறகு, அவனும் நானும் மட்டும் பழைய பலகையின் மிச்சத்தைப் பெயர்த்தெடுக்கும்போது சொன்னேன். சுற்றி வளைக்காமல் சொன்னேன், எனக்கே புதிதாக இருந்தது, ஒரு மீன் இல்லை, ஒரு காற்று இல்லை. "மாப்ளே, அந்தப் பட்டி நான் வச்சது. திருவிழாவுக்கு நாலு நாளைக்கி முன்னாடி. பலகை உளுத்துருந்துது, எனக்குத் தெரியும், தெரிஞ்சும் உன்ன அனுப்புனேன். நீ நல்லாத்தான் திருகுன. நான் பாத்தேன்." அவன் உளியை நிறுத்தவில்லை. கொஞ்ச நேரம் தட்டிக்கொண்டே இருந்தான். அந்த நேரத்துக்குள் அவன் என்னை அடிப்பான் என்று நினைத்தேன், அழுவான் என்று நினைத்தேன், இரண்டுக்கும் என் முகத்தைத் தயார் செய்தேன். உளியை ஊதித் தூசியைப் போக்கிவிட்டு, "இது நல்லாருக்கு மச்சான்" என்றான். "என்ன நல்லாருக்கு?" "மீன் கதய விட இது நல்லாருக்கு. நம்புற மாதிரி இருக்கு." "கதை இல்ல மாப்ளே, அக்கா மேல சத்தியமா." "அக்கா மேல எத்தன சத்தியம் பண்ணிருக்கீரு. அந்த நண்டுக்குக்கூட அக்கா மேலதான் பண்ணுனீரு." பண்ணினேன். அவள் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். "இந்தா பாரு" என்று கட்டைவிரலை நீட்டினேன், "கட்டியில இருக்குல்ல இந்தக் கோடு, என் ரேகை." கட்டியை எடுத்துப் பார்த்தான், என் விரலைப் பார்த்தான். "உம்ம ரேகதான். பின்ன, ஒட்டுப்பலகை அடிச்ச அன்னைக்கிப் பட்டி வச்சுத்தானே அடிச்சிருப்பீரு, வேற யாரு ரேகை இருக்கும்?" எனக்காக அவனே காரணம் கண்டுபிடித்துக் கொடுக்கிறான். பிறகு குரலைத் தாழ்த்தினான், ஊர்க்காரர்கள் என்னைப் பற்றித் தாழ்த்துகிற அதே குரல். "மச்சான், எம்மேல உள்ள பாசத்துல நீரு பழிய உம்ம தலையிலயே தூக்கிப் போடப் பாக்கீரு. வயசாயிட்டு உமக்கு. வேண்டாம். அன்னைக்கி வலது திருகுல அரைச் சுத்து பாக்கி வச்சேன். எங் கைக்குத் தெரியும். இப்பக்கூட தெரியுது." வலது கையை விரித்து அந்த இடத்தைக் காட்டினான், உள்ளங்கை நடுவில், அந்த அரைச் சுற்று இருக்கிற இடம். முற்றத்தில் டிரம் பக்கத்தில் நான் வைத்த இடம். மரத்தில் வைத்த பட்டி விழுந்துவிட்டது, அங்கே வைத்தது விழவில்லை.

பிறகு அவன் எடுத்துக்கொடும் என்றதை எடுத்துக்கொடுத்தேன், பிடியும் என்றதைப் பிடித்தேன். புதுப் பலகை ஒரு தடவையிலேயே உட்கார்ந்தது, ஒரு நூல் இடைவெளி இல்லை, செம்பு ஆணிகளை இறக்கினான், இடுக்கில் பஞ்சையும் குங்கிலியத்தையும் வைத்து அடித்தான், ஒவ்வொரு அடியும் அளந்து வைத்த மாதிரி. இந்தக் கையா பாக்கி வைத்திருக்கும். வெயில் உச்சிக்கு ஏறிவிட்டது, தொபியாஸ் சாப்பிடப் போய்விட்டான், அவனோடு மற்றவர்களும். உயரம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க எஞ்சினைத் தூக்கிக்கொண்டு வந்து மேல்விளிம்பில் வைத்தான். இடது, வலது, மறுபடி இடது, மறுபடி வலது. நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அதே வரிசை, பத்தொன்பது வருஷம் கழித்து. கடைசியில் உள்ளங்கையால் தட்டு மட்டும் இல்லை, அந்த இடத்தில் கையை எடுத்துவிட்டு ஒதுங்கி நின்றான். "மச்சான், நீரு ஒருக்கா பாத்துரும்." போனேன். வலது திருகைப் பிடித்தேன். முடிந்த மட்டும் திருகினேன், தோள் வரைக்கும் வலித்தது, அசையவில்லை. "எவ்வளவு போச்சு?" "போகல மாப்ளே." "பாத்துச் சொல்லும்." "ஒரு நூல்கூடப் போகல. கல்லு மாதிரி இருக்கு. நீ திருகுனா அதுக்கு மேல திருக ஆளில்ல." அவன் முகம் ஒரு மாதிரி ஆயிற்று, கோபம் இல்லை, தெரிந்த வீட்டுக்கு வந்து கதவு பூட்டியிருக்கிற மாதிரி. "பொய் சொல்லாதேயும் மச்சான்." வந்து என்னை மெல்ல ஒதுக்கினான். இரண்டு கையாலும் திருகைப் பிடித்து, காலை மணலில் ஊன்றி, உடம்பு மொத்தத்தையும் அதில் கொடுத்தான், கழுத்து நரம்பு புடைத்தது, பல்லைக் கடித்தான், வேண்டாம் மாப்ளே என்று சொல்ல வாயைத் திறந்தேன். பலகை முனகியது. கிளாம்பின் வட்டம் புது மரத்துக்குள் அழுந்தி, சுற்றிலும் எண்ணெய் துளித்து, திருகு மெல்ல, மிக மெல்ல, அரைச் சுற்று போயிற்று. கையை எடுத்து, மூச்சு வாங்கிக்கொண்டு, எல்லாம் தீர்ந்தவன் மாதிரி என்னைப் பார்த்துச் சிரித்தான். "பாத்தீரா?" என்றான்.